பச்சைப் பாம்புக்கு ஆறு பன்றி

திரையின் மேல்பக்கத்தில் ஒரு விரல்நக அகலத்துக்குச் சிவப்புக் கோடு மிச்சம் இருந்தது. கடிகாரம் சுழியத்தில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், நான்கு பேர், ஆளுக்கு ஆறு போக்கிமோன். அத்தனை பேரும் விரல் வலிக்கத் தட்டியும் ரேக்வாசா அசையவில்லை.

"என்னம்மா, ஜெயிச்சிட்டோமா?" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே அப்பா கேட்டார்.

"இல்லப்பா. தோத்துட்டோம்."

"நான்தான் மெதுவா தட்டினேனோ?"

அவர் இல்லை. தோற்றது என்னால்தான். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். தப்பு நடந்தால் அடுத்த பாடலைப் போட்டுவிட்டுக் கடந்துபோவது தொழில் பழக்கம். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் அன்று மாலை அந்த வசதி இல்லை. அங்கே நின்றவர்கள் அப்பா, டாக்சி ஓட்டும் ஒரு சீன அங்கிள், தொழில்நுட்பக் கல்லூரி முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குக் காத்திருக்கும் ஒரு மலாய்ப் பையன், நான். மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். காரணம், அணியை எப்படி அமைப்பது என்று அவர்களுக்கு யோசனை சொன்னதே நான்தான். "பெரிய நம்பர் உள்ளதை எல்லாம் முன்னால வைங்க" என்று சொல்லியிருந்தேன்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 'போக்கிமோன் கோ' சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்தது 2016 ஆகஸ்ட் 6ஆம் தேதி. அந்த மாதம் ஹவ்காங்கில் ஒரு புளோக்கைச் சுற்றி இரவெல்லாம் கூட்டம் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பாதிப் பேர் சில வாரங்களில் செயலியை அழித்துவிட்டார்கள். மிச்சப் பேரைப் பிடித்து வைத்துக்கொண்டது, என் கணிப்பில், அடுத்த ஆண்டு ஜூனில் வந்த ரெய்டு. பூங்கா, சமூக மன்றம், கோயில் என்று வட்டாரத்தில் ஆங்காங்கே ஆட்டத்துக்குள் ஜிம்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின்மேல் ஒரு முட்டை தோன்றும், பக்கத்தில் கடிகாரம் ஓடும். முட்டை உடைந்ததும் உள்ளிருந்து வருகிறது ஒரு ராட்சதப் போக்கிமோன். அதுதான் பாஸ்.

இங்கே தமிழில் ஒரு சங்கடம். உள்ளே நுழையத் தேவைப்படும் சீட்டும் பாஸ், உள்ளே உட்கார்ந்திருக்கும் எதிரியும் பாஸ். எழுதிக் காட்டினால் இரண்டும் ஒன்றுதான். அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். எதிரியை 'முதலாளி' என்பார். "முதலாளி வந்துட்டாரா?" என்று அவர் பூங்காவில் கேட்கும்போது பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் இந்தக் கட்டுரையில் முதலாளி என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலாளிகளில் சின்னவரும் உண்டு, பெரியவரும் உண்டு. ஒரு நட்சத்திர முதலாளியைத் தனி ஆளாகவே முடித்துவிடலாம். ஐந்து நட்சத்திரம் வேறு கதை. அங்கே கிடைப்பது 300 வினாடி. ஒரே நேரத்தில் 20 பேர் வரை சேர்ந்து அடிக்கலாம். பன்னிரண்டு பேர் வந்துவிட்டால் யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலாளி விழுந்துவிடுவார், யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தபடியே தொலைவிலுள்ள ரெய்டில் சேரும் சீட்டும் வந்தது. அந்த நோய்த்தொற்றுக் காலத்தில் எங்கிருந்தோ நாலு பேரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் அந்தச் சீட்டின் விலை 100 காசிலிருந்து 195 காசானது. காசு என்றால் ஆட்டத்துக்குள் புழங்கும் நாணயம். அதன்பிறகு எங்கள் வட்டாரத்தில் புதன்கிழமை மாலை ஆறு மணி ரெய்டுக்கு நேரில் வருவது மூன்று நான்கு பேர்தான். நான்கு பேர் மட்டும் நிற்கும்போது ஒருவருடைய அணி சொதப்பினாலும் போச்சு.

எங்களுக்கு அவசரமும் இருந்தது. அப்பாவுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வலது முழங்காலில் மாற்று அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு சில வாரங்களுக்குப் பூங்காப் பக்கம் வர முடியாது. ரேக்வாசாவோ அடுத்த புதனுக்கு மறுநாள் ஜிம்களை விட்டுப் போய்விடும். என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. அவள் வைத்திருக்கும் அட்டைகளிலேயே அவளுக்குப் பிடித்தது ரேக்வாசாதான். பச்சை நிறத்தில் நீளமாக வானத்தில் நெளியும் டிராகன். "தாத்தா, உங்ககிட்ட இது இருக்கா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "பாம்புதானே, பிடிச்சுக் காட்டறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கப்பல் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவர். சொன்ன வேலையை முடிக்காமல் லீவு போட மாட்டார்.

சரி, நான் செய்த தப்பு என்ன?

ஒவ்வொரு போக்கிமோன் தலைக்கு மேலும் ஓர் எண் இருக்கும். சிபி என்பார்கள். பெரிய எண் என்றால் பலசாலி என்று தோன்றும். என்னிடமும் அப்பாவிடமும் இருந்ததில் பெரிய எண் ஸ்லாக்கிங்குக்கு. அப்பா அதற்கு வைத்த பெயர் சோம்பேறிக் குரங்கு. அவருடைய குரங்கின் எண் 3,700ஐத் தாண்டியிருந்தது. அதை முதல் ஆளாக நிறுத்தச் சொன்னேன். சிபி என்பது தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்றையும் வைத்துப் போடும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். எதிரே நிற்பது யார் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. கையில் என்ன ஆயுதம் என்பதும் தெரியாது. ஸ்லாக்கிங்கின் விரைவுத் தாக்குதல் கொட்டாவி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கொட்டாவி. அதனால் எதிரிக்கு விழும் அடி சுழியம். நாம் விரல் தேயத் தட்டுவோம், அது கொட்டாவி விடும். அப்பா மெதுவாகத் தட்டியதாக வருத்தப்பட்டாரே, இரண்டு மடங்கு வேகமாகத் தட்டியிருந்தாலும் இரண்டு மடங்கு கொட்டாவிதான் கிடைத்திருக்கும்.

மிச்ச இடங்களை ஆட்டம் பரிந்துரைத்தபடியே விட்டுவிட்டேன். உள்ளே நுழைந்ததும் செயலியே ஓர் அணியை அடுக்கித் தரும். அவசரத்துக்கு அது வசதி. ஆனால் என் அனுபவத்தில் அது பெரும்பாலும் அடி தாங்கும் ஆட்களைத்தான் பொறுக்கும். பிளிஸ்ஸி மாதிரி. உயிர் ஏராளம், கை மட்டும் பஞ்சு. ரெய்டில் நமக்கு எதிரி நேரம்தான். எங்கள் ஆள் விழாமல் நின்றுகொண்டே இருந்தார், முதலாளியும் விழாமல் நின்றுகொண்டே இருந்தார், மணி அடித்துவிட்டது.

தோற்றால் அதே சீட்டில் மறுபடி முயலலாம். முயன்றோம். அது இன்னும் மோசம். அவசரத்தில் பாதிப் போக்கிமோன்களுக்கு மருந்து போட மறந்துவிட்டோம். பையன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். டாக்சி அங்கிள் தன் திறன்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரே வாக்கியம் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பனி வேணும், நீங்க எல்லாரும் நெருப்புக் கோழியையும் குரங்கையும் கொண்டு வர்றீங்க."

வீட்டுக்கு வந்ததும் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஊடகவியல் பட்டம் வாங்கியவள் கணக்குப் போடுவது அம்மாவுக்கே வேடிக்கையாக இருந்தது.

போக்கிமோன்களில் 18 வகை. தீ, நீர், புல், மின்சாரம், பனி, பாறை என்று போகும். இவற்றுக்குள் யார் யாரை வெல்வார் என்பது நிலையான விதி. ஒரு வகைக்கு ஆகாத வகையால் அடித்தால் அடி 1.6 மடங்கு. ரேக்வாசாவுக்கு வகை இரண்டு: டிராகன், பறவை. பனி இந்த இரண்டுக்குமே ஆகாது. அப்போது 1.6ஐ 1.6 ஆல் பெருக்க வேண்டும். 2.56 மடங்கு. அடிப்பவரும் அதே வகையைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் 1.2 மடங்கு சேரும். ஒரு தாக்குதலின் வலிமை 100 என்று வைத்துக்கொள்வோம். டிராகன் வகையான டிராகனைட், டிராகன் தாக்குதலால் அடித்தால் ரேக்வாசாவுக்கு அது 192 ஆகிறது. பனி வகையான மாமோஸ்வைன், பனித் தாக்குதலால் அடித்தால் 307. பாதிக்கு மேல் கூடுதல். அதோடு டிராகனுக்கு டிராகன் ஆகாது என்ற விதி இருபக்கமும் வெட்டும். நம் டிராகனைட் அடிக்கும் அளவுக்கு ரேக்வாசாவும் அதைத் திருப்பி அடிக்கும். அந்த மாலையில் பையன் ஆசையாக வளர்த்த மூன்று டிராகனைட்டும் வரிசையாகச் சுருண்டது இதனால்தான்.

மாமோஸ்வைன் என்பது உடம்பெல்லாம் ரோமமும் வாயில் தந்தமுமாக ஒரு பன்றி. அப்பா சொல்வது யானைப்பன்றி. அதன் சிபி 2,800க்குப் பக்கத்தில் இருந்தாலே நல்ல நிலை. எங்கள் சோம்பேறிக் குரங்கைவிட ஆயிரம் குறைவு. அதனால்தான் நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னும் சொல்லப்போனால், அதன் குட்டியான ஸ்வைனப்பை நூற்றுக்கணக்கில் பிடித்துவிட்டு, இடம் அடைக்கிறதென்று எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருந்தேன். மூன்று நட்சத்திர மதிப்பீடு இல்லாத எதையும் வைத்துக்கொள்வதில்லை என்பது என் கொள்கையாக இருந்தது.

அந்த மதிப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் மயங்குகிறார்கள். ஒவ்வொரு போக்கிமோனுக்கும் பிறவியிலேயே தாக்குதலில் 0 முதல் 15 வரை ஒரு கூடுதல் மதிப்பெண் உண்டு. 15 வாங்கியது கிடைத்தால் கொண்டாடுவோம். மாமோஸ்வைனின் அடிப்படைத் தாக்குதல் 247. அதன்மேல் 15 என்றால் ஆறு சதவீதம். முழு மதிப்பெண்காரனுக்கும் முட்டை வாங்கியவனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். சரியான வகையைக் கொண்டுவருவதோ 60 சதவீதம், சில நேரம் 156 சதவீதம் கூடுதல். இத்தனை ஆண்டாக அந்த ஆறு சதவீதத்துக்காகத்தான் நான் பன்றிகளைத் துரத்தியடித்திருக்கிறேன்.

அப்பா எதையும் எறியாதவர். பழைய கிழமைக் காலண்டர்கூட எங்கள் வீட்டில் அலமாரியில் இருக்கும். அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். 2019 பிப்ரவரி 16ஆம் தேதி சமூக நாள் நடந்தது, மூன்று மணி நேரம் எங்கு பார்த்தாலும் ஸ்வைனப். அப்போதுதான் அப்பா ஓய்வுபெற்று ஆட்டத்தைத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அன்று பிடித்ததெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தது. மிட்டாய் ஆயிரத்துக்கு மேல். ஸ்வைனப்பை வளர்த்து மாமோஸ்வைன் ஆக்க முதலில் 25 மிட்டாய், பிறகு 100 மிட்டாயோடு ஒரு சின்னோ கல். கல்லும் பையில் பதினொன்று கிடந்தது.

"இது என்னன்னு தெரியாம வெச்சிருந்தேன்" என்றார்.

"நாலு வருஷமாவா?"

"கல்லுதானே. சோறா கேக்குது?"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறு பன்றிகளை உருவாக்கினோம். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. உருமாறும்போது தாக்குதல்கள் குலுக்கல் முறையில் வருகின்றன. ஆறில் மூன்றுக்குச் சேற்றை அள்ளி வீசும் தாக்குதல் வந்திருந்தது. சேறு நில வகை. பறக்கும் பாம்பின்மீது சேற்றை வீசினால் என்ன ஆகும்? 0.39 மடங்கு. அதே பன்றி, அதே எண், ஆனால் 2.56 எங்கே, 0.39 எங்கே. டிஎம் என்ற பொருளைப் பயன்படுத்தித்தான் தாக்குதலை மாற்ற வேண்டும். விரைவுத் தாக்குதலுக்குப் பனித்தூள், பெரிய தாக்குதலுக்குப் பனிச்சரிவு. அது வரும்வரை மாற்றினோம். பெரிய தாக்குதலுக்கு மறுபடி மறுபடி வேறு ஏதாவது வந்தபோது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்ல" என்று எழுந்துபோனார்.

அடுத்த கேள்வி, எவ்வளவு வளர்ப்பது. வளர்க்க நட்சத்திரத்தூள் வேண்டும், அது எளிதில் சேராது. நிலை 20இலிருந்து 30க்குக் கொண்டுபோக 75,000 தூள். 30இலிருந்து 40க்கு இன்னும் 1,50,000. முதல் பத்து நிலையில் வலிமை ஏறக்குறைய 22 சதவீதம் கூடும். இரட்டிப்புச் செலவு வைக்கும் அடுத்த பத்து நிலையில் கூடுவது 8 சதவீதம்தான். ஆக ஒரே செல்லப்பிள்ளையை 40 வரை ஊட்டி வளர்க்கும் செலவில் மூன்று பேரை 30க்குக் கொண்டுவந்துவிடலாம். சின்னக் கூட்டமாகப் போகிறவர்களுக்கு மூன்று பேர்தான் லாபம். ஆறு இடத்தில் ஒருவர் மட்டும் புலி, மற்ற ஐவர் கொட்டாவி என்றால் அந்தப் புலி முதல் நிமிடத்தில் விழுந்தபிறகு என்ன செய்வது?

என் தொழிலில் இதை முன்பே கற்றிருக்க வேண்டும். காலை ஆறரை மணிக்குப் போடும் பாடலும் இரவு பதினொன்றுக்குப் போடும் பாடலும் வேறு. அந்த ஆண்டின் மிகப் பெரிய வெற்றிப் பாடலாக இருந்தாலும், பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் நேரத்தில் சோகப்பாடல் போட்டால் நேயர் நிலையத்தை மாற்றிவிடுவார். பட்டியலில் முதலிடம் என்பது ஓர் எண். யார் கேட்கிறார், எத்தனை மணி என்பது அந்த எண்ணில் இல்லை.

அப்பா இரண்டு பன்றிகளை எனக்கு மாற்றிக் கொடுத்தார். என்னிடம் தப்பித்தவறி ஒன்று மிஞ்சியிருந்தது. அங்கிளுக்குத் தகவல் அனுப்பினேன். தன்னிடம் மெகா அபோமாஸ்னோ இருப்பதாகப் பதில் போட்டார். பனிமரம் மாதிரி இருக்கும் அதுவும் பனி வகைதான். மெகா வடிவில் ஒருவர் களத்தில் நிற்கும்வரை, அதே வகையால் தாக்கும் கூட்டாளிகளின் அடி 30 சதவீதம் கூடும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மெகாவை இறக்கினால் அது ஒன்றின்மேல் ஒன்று சேராது. ஒருவர் போதும். "நான் முதல்ல வைக்கிறேன், நீங்க வேண்டாம்" என்று அங்கிள் ஏற்பாடு செய்துகொண்டார்.

வானிலையையும் பார்த்தோம். ஆட்டத்துக்குள் இருக்கும் வானிலை, வெளியே இருப்பதை ஒட்டியே வரும். அதற்கேற்பச் சில வகைகளுக்கு அடி 1.2 மடங்காகும். மழை என்றால் நீர், மின்சாரம், பூச்சி. வெயில் என்றால் தீ, புல், நிலம். மேகமூட்டம் என்றால் மல்யுத்த வகை, நச்சு, தேவதை. பனிக்கும் எஃகுக்கும் உதவி வேண்டுமென்றால் பனி பெய்ய வேண்டும். ஈசூனில் எங்கே போவது? நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சலுகை என்றுமே இல்லை. பலத்த காற்று அடித்தால் டிராகனுக்கும் பறவைக்கும் சாதகம், அதாவது முதலாளிக்கு. அதனால் காற்று மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டோம். மழை பெய்தால் இருபக்கமும் சமம், நனைவது மட்டும் நாங்கள்.

மழைதான் பெய்தது. புதன்கிழமை ஐந்தரைக்குக் கொட்டி, ஆறுக்குத் தூறலானது. அப்பா ஒரு கையில் குடை, ஒரு கையில் ஊன்றுகோல். திறன்பேசியை நான் பிடித்துக்கொண்டேன். பூங்காவில் கூரையுள்ள பெஞ்சில் அங்கிள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பையன் வரவில்லை, வேலை முடியத் தாமதம் என்று செய்தி. மூன்றே பேர்.

"போன வாரம் நாலு பேர் சேர்ந்தே முடியல" என்றேன்.

"போன வாரம் குரங்கு" என்றார் அப்பா.

உள்ளே போனோம். அங்கிளின் பனிமரம் முன்னால். அப்பாவின் வரிசையில் நான்கு பன்றி, கடைசியில் இரண்டு துணை. எனக்கு மூன்று பன்றி. சிவப்புக் கோடு இறங்கிய வேகத்தைப் பார்த்து முதலில் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, வேறு ஏதோ சின்ன முதலாளியிடம் வந்துவிட்டோமோ என்று. நடுவில் அப்பாவின் ஆறு பேரும் விழுந்து அவர் வெளியே தள்ளப்பட்டார். அப்படி நேர்ந்தால் மருந்து போட்டுத் திரும்ப வருவதற்குள் பத்துப் பதினைந்து வினாடி போய்விடும். அதற்காக இரண்டாவது அணி ஒன்றை முன்பே சேமித்து வைத்திருந்தோம். ஒரே தட்டலில் உள்ளே வந்துவிட்டார். 47 வினாடி மிச்சமிருக்க ரேக்வாசா சரிந்தது. அங்கிள் பெஞ்சைக் கையால் ஓங்கித் தட்டினார்.

ஆனால் வீழ்த்துவது வேறு, பிடிப்பது வேறு. வென்றபின் வெள்ளைப் பந்துகள் தருவார்கள். அவை தீர்வதற்குள் பிடித்தாக வேண்டும். எனக்கு ஏழாவது பந்தில் விழுந்தது. அங்கிளுக்கும் விழுந்தது. அப்பாவுக்குக் கடைசிப் பந்து மூன்று முறை ஆடி, உடைந்து, பாம்பு போய்விட்டது.

நான் உடனே சொன்னேன். "பரவால்லப்பா, என்னோடத மாத்திக்கலாம். நாம பெஸ்ட் ஃபிரெண்டு. 40,000 தூள்தான்." ஆட்டத்தில் 90 நாள் பரிசு அனுப்பிக்கொண்டால் வரும் பட்டம் அது. அப்பாவிடம் தூளுக்குப் பஞ்சமில்லை.

"வேண்டாம். அது நீ பிடிச்ச பாம்பு. பிள்ளைகிட்ட நான் பிடிச்சேன்னு எப்படிச் சொல்றது?"

மணி 6.20. அடுத்த ஜிம் சாலைக்கு அந்தப் பக்கம், காப்பிக்கடையைத் தாண்டி. ஆறு மணி ரெய்டு என்பதால் அங்கேயும் ரேக்வாசாதான். அப்பாவின் நடைக்குக் கால் மணி நேரம். அன்றைய இலவசச் சீட்டைப் பயன்படுத்தியாகிவிட்டது. இன்னொரு சீட்டுக்கு 100 காசு. ஜிம்மில் நம் போக்கிமோனைக் காவலுக்கு நிறுத்திவைத்தால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 காசு கிடைக்கும். அப்பா பணம் கொடுத்து வாங்குவதில்லை. இரண்டு நாள் காவல் காசைக் கொடுத்துச் சீட்டு எடுத்தார். அங்கிள் தன் டாக்சியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்தக் காலோடு நடக்கப் போவதில்லை, கடைசியாக ஒரு முறை நடக்கிறேன் என்றார். நான் குடை பிடித்தேன். அங்கிளும் வண்டியை விட்டுவிட்டுக் கூடவே நடந்தார்.

காப்பிக்கடை வாசலில் பையன் நின்றிருந்தான். "அங்கிள், சாரி, லேட்" என்றான். டிராகனைட்டை எல்லாம் எடுத்துவிட்டு எங்கிருந்தோ இரண்டு மாமோஸ்வைனைச் சேர்த்திருந்தான். மற்றவர்களுக்கு மருந்து போட்டு, வரிசையைச் சரிபார்த்து, நால்வரும் காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்து தட்டினோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சமிருக்க முடிந்துவிட்டது. பந்து எறியும்போது அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வட்டம் சுருங்கும்வரை காத்திருந்து, பாம்பு தலையை ஆட்டி முடித்த அந்தக் கணத்தில் எறிய வேண்டும். பையன் பக்கத்தில் நின்று, "இப்ப, அங்கிள்… இல்ல, இருங்க… இப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான்காவது பந்தில் விழுந்தது. பையனுக்கு அவர் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது யாராவது என்னிடம் அணி கேட்டால் முதலில் திருப்பிக் கேட்பது, "முதலாளி யாரு?" என்பதைத்தான். மியூட்டூ என்றால் அது மனோசக்தி வகை, இருளும் ஆவியும் பூச்சியும் அதற்கு ஆகாது. ஆவி வகையில் கெங்கார் பலமாக அடிக்கும், ஆனால் அதற்குள் நச்சும் இருப்பதால் மியூட்டூவின் அடி அதன்மேல் கடுமையாக விழும், சீக்கிரம் சரிந்துவிடும். இருள் வகையான டைரானிடார் தாங்கும். ஆனால் அந்த மியூட்டூ மல்யுத்த வகைத் தாக்குதலோடு வந்திருந்தால் டைரானிடாருக்கு அது இரட்டிப்பு ஆபத்து. அதனால் முதல் சுற்றில் முதலாளி என்ன வீசுகிறார் என்று பார்த்துவிட்டு, தேவையானால் இரண்டாவது அணியை மாற்றுவேன். சிறகு முளைத்த தீ வகை வந்தால் பாறை. அதுவும் 2.56 கணக்குதான். இப்படிப் பனி, பாறை, மின்சாரம், மல்யுத்தம், இருள் என்று நாலைந்து வகையில் ஆளுக்கு மூன்று பேரை நிலை 30 வரை வளர்த்து வைத்திருந்தால் வருகிற முதலாளிகளில் பெரும்பாலோரைச் சமாளிக்கலாம். இதற்கு ஒரு காசு செலவழிக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், அலமாரியில் இடம் வேண்டும். நான் இப்போதெல்லாம் பன்றிக்குட்டி எதையும் எறிவதில்லை.

அறுவைச் சிகிச்சை வெள்ளிக்கிழமை காலை. நான் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு போனபோது அப்பா கண் விழித்திருந்தார். மறுநாள் அண்ணன் மகள் வந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி திறன்பேசியின் கேமராவை வைத்து, ரேக்வாசாவைத் தன் கட்டுப்போட்ட காலின்மேல் நிறுத்திக் காட்டினார். அவள் படம் எடுத்துக்கொண்டாள். பாம்பின் வால் பக்கத்துக் கட்டில்வரை நீண்டிருந்தது. அந்தக் கட்டிலில் இருந்த தாத்தா எட்டிப் பார்த்து, எந்த ஜிம் என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை விடிகாலை, நான் ஒலிப்பதிவுக்கூடத்தில் முதல் பாடலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அப்பாவின் குரல்பதிவு. பின்னணியில் மருந்துத் தள்ளுவண்டி உருளும் சத்தம்.

"அடுத்து கியோக்ரேன்னு ஒரு முதலாளி வருதாமே, பக்கத்துக் கட்டில்காரர் சொல்றாரு. தண்ணி வகையாம். மழைக்காலம் வேற, அதுக்குத் தெம்பு கூடிடும். ஆனா மழைக்கு மின்சாரத்துக்கும் தெம்பு கூடும்ல? புல்லு எதுவும் வைக்காத, அது சில நேரம் பனி வீசுமாம். உங்கிட்ட மின்சாரம் எத்தனை இருக்கு? எதையாவது தூக்கிப் போட்டுட்டியா?"